ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்? வாசகர் கேள்வி பதில்

தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களும், பில் கட்டி வீடு திரும்பியவர்களும் இந்த முறை கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். கேள்விகள் வேறு வேறு, ஆனால் ஆதங்கம் ஒன்று: இன்சூரன்ஸ் போக, கட்டிய முன்பணம் போக, கையிலிருந்து இன்னும் எவ்வளவு போகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பில் வளரும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே கணக்குகளில் வரும் எண்கள் புரிதலுக்காக மட்டுமே. உங்கள் ஊர்ப் பணத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டர் ஒரு தொகை சொன்னார். டிஸ்சார்ஜ் அன்று வந்த பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் பொய் சொன்னாரா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. "ஆபரேஷனுக்கு எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டால் பல அறுவை மருத்துவர்கள் சொல்வது தன் கட்டணத்தை, மிஞ்சினால் தியேட்டர் கட்டணத்தையும் சேர்த்து. நீங்கள் அதை மொத்தச் செலவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஓர் அறுவை சிகிச்சைக்கு எத்தனை பேர் பில் போடுகிறார்கள் என்று பாருங்கள். அறுவை மருத்துவர், அவருடைய உதவி மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் என்று மூன்று பேர் மேசையைச் சுற்றியே இருக்கிறார்கள். தியேட்டருக்கு நேரக் கணக்கில் ஒரு கட்டணம். அறை வாடகை, அதோடு நர்ஸிங் கட்டணம். ஐசியூவில் ஓரிரவு வைத்தால் அதற்குத் தனி விலை. உடலிலிருந்து எடுத்த பித்தப்பையோ கட்டியோ பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அந்த பயாப்ஸி பில் பல இடங்களில் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வரும். ரத்தம் ஏற்றினால் அது தனி. உங்கள் சர்க்கரையைப் பார்க்க ஒரு பொது மருத்துவர், இதயத்தைப் பார்க்க இன்னொருவர் வந்து போனால், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி.

இவற்றைவிடக் கண்ணில் படாமல் வளர்வது தியேட்டருக்குள் பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்கள், அதாவது நுகர்பொருள்கள். சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் குடலிறக்கம் சரிசெய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு வலை வைப்பார்கள். அந்த வலையில் சாதாரணமானது, எடை குறைந்தது, முப்பரிமாண வடிவம் கொண்டது என்று பல ரகம் உண்டு, விலையும் பல மடங்கு வேறுபடும். வலையை நகராமல் பிடித்து வைக்க டாக்கர் என்ற கருவியால் சிறு சுருள் ஆணிகளை அடிக்கலாம், தையல் போடலாம், பசை தடவலாம். சிறிய குடலிறக்கங்களில் சில மருத்துவர்கள் எதுவுமே போடாமல் வலையை விரித்து வைத்துவிடுவார்கள். டாக்கர் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவி, விலை கூடியது. ஆபரேஷன் பெயர் ஒன்றுதான், மருத்துவர் ஒருவர்தான், ஆனாலும் இந்த இரண்டு தேர்வுகளில் மட்டும் பில் கணிசமாக ஏறும். எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "எந்த வலை, எதனால் பொருத்துவீர்கள், அதன் விலை என்ன?" என்று முன்பே கேட்பது உங்கள் உரிமை.

எனவே "மொத்தம் எவ்வளவு?" என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். "நீங்கள் சொன்னதில் எது சேரவில்லை?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் கைக்காசு.

கேள்வி: எஸ்டிமேட் கேட்டால் ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதித் தருகிறார்கள். எப்படிக் கேட்க வேண்டும்?

பில்லிங் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் இன்னும் நல்லது, பதிலும் எழுத்தில் இருக்கும். முதலில் உங்களுக்குத் தேவைப்படுவது அறுவை சிகிச்சையின் முழுப்பெயரும் அதன் குறியீட்டு எண்ணும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் "மூட்டு ஆபரேஷன்" என்று சொன்னால் பொதுவான பதில்தான் வரும். குறியீட்டு எண்ணைச் சொன்னால் எவ்வளவு தருவார்கள் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியும்.

பிறகு ஒவ்வொன்றையும் பிரித்துக் கேளுங்கள்: மூன்று மருத்துவர்களின் கட்டணம், எத்தனை மணி நேரத் தியேட்டர், எந்த வகை அறை, எத்தனை நாள், ஐசியூ உண்டா, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் பொருள்) என்றால் எந்த நிறுவனத்தின் எந்த மாடல், மருந்துக்கும் நுகர்பொருளுக்கும் தோராயமாக எவ்வளவு, வரி உண்டா. எஸ்டிமேட் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணை வாங்கி வராதீர்கள். இரண்டு எண்கள் வேண்டும். எல்லாம் நினைத்தபடி நடந்தால் எவ்வளவு, லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தாலோ இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலோ எவ்வளவு. இந்த இரண்டாவது எண்ணைத் தரத்தான் தயங்குவார்கள். விடாமல் கேளுங்கள். பணம் புரட்ட வேண்டியது அந்த எண்ணுக்குத்தான்.

அறுவைக்கு முன்னால் செய்யும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்கவியல் மருத்துவரைப் போய்ப் பார்ப்பது, பின்னால் வரும் பிசியோதெரபி, கட்டு மாற்றுவது, ஊன்றுகோல், இடுப்பு பெல்ட், வீட்டு மருந்து எதுவும் பெரும்பாலான எஸ்டிமேட்டில் இருக்காது. மூட்டு மாற்றியவர்களுக்குப் பிசியோதெரபி வாரக்கணக்கில் நீளும். அதைத் தனித்தாளில் நீங்களே எழுதிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: "பேக்கேஜ்" எடுத்தால் கூடுதலாக ஒரு காசும் வராது என்கிறார்கள். நம்பலாமா?

பேக்கேஜ் நல்ல ஏற்பாடுதான், எல்லை தெரிந்து எடுத்தால். பொதுவாக அதற்குள் வருவது ஒரே ஓர் அறுவை, குறிப்பிட்ட வகை அறை, குறிப்பிட்ட நாட்கள், சாதாரண ரக இம்ப்ளான்ட். இவற்றில் ஒன்று மாறினாலும் பேக்கேஜ் உடையும். உடைந்ததும் சில இடங்களில் கூடுதலான பகுதிக்கு மட்டும் வாங்குவார்கள். சில இடங்களில் பேக்கேஜையே ரத்து செய்துவிட்டு முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. உங்கள் மருத்துவமனையில் எது வழக்கம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பேக்கேஜ் பொருந்தாது என்று சில விண்ணப்பங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். நோய் இருப்பதை மறைக்காமல் சொல்லி, "எனக்கு இந்தப் பேக்கேஜ் செல்லுமா?" என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

மிக முக்கியமான கேள்வி ஒன்று. ரத்தக்கசிவோ தொற்றோ ஏற்பட்டுத் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது? சில மருத்துவமனைகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வரும் சிக்கல்களையும் பேக்கேஜிலேயே சேர்த்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட பேக்கேஜ் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், சொந்தப் பணத்தில் கட்டுபவர்களுக்கு அதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறது. கொஞ்சம் நல்ல அறையாக எடுத்து வித்தியாசத்தை மட்டும் நாங்களே கட்டலாம் என்று நினைத்தோம். ஆனால் பெரிய தொகையைக் கழித்துவிட்டார்கள். ஏன்?

இந்தியப் பாலிசிகளில் அதிகம் பேரின் கையைக் கடிப்பது இதுதான். பெயர் விகிதாசாரக் கழிவு. பல மருத்துவமனைகளில் அறை உயர உயர மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்ஸிங் எல்லாமே உயரும். ஆகவே பெரிய அறை எடுத்தால் அறை வாடகையோடு நிறுத்தாமல் அதை ஒட்டி உயர்ந்த மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும்.

கணக்காகப் பார்ப்போம். பாலிசி அனுமதிக்கும் வாடகை நாளுக்கு 100. நீங்கள் எடுத்த அறை 160. நான்கு நாள் தங்கினீர்கள். 100-ஐ 160-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். அறைக்கு மொத்தம் 640 ஆனது, கிடைப்பது 400. மருத்துவர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 6,000 என்றால் அதில் 62.5 சதவீதமான 3,750 மட்டுமே கிடைக்கும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகளுக்கு 3,000 ஆகியிருந்தால் அது முழுதாகக் கிடைக்க வேண்டும். ஆக, 9,640 பில்லில் வந்தது 7,150. உங்கள் கையிலிருந்து 2,490. அறை வாடகையில் நீங்கள் கட்டத் தயாராக இருந்த வித்தியாசமோ வெறும் 240.

மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் இதைத் தெளிவுபடுத்தியது: மருந்து, நுகர்பொருள், இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகளிலும் ஐசியூ கட்டணத்திலும் விகிதாசாரக் கழிவு கூடாது. எல்லா அறைக்கும் ஒரே மருத்துவக் கட்டணம் வாங்கும் மருத்துவமனையிலும் அது கூடாது. நிறுவனம் கழித்ததை விவரிக்கும் தாளை எடுத்து, கழித்தது எந்த வரியில் என்று பாருங்கள். இம்ப்ளான்டிலும் கழித்திருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது.

அனுமதித்த வகை அறை காலியாக இல்லாததால் பெரிய அறை கொடுத்தார்கள் என்றால், "தகுதியுள்ள அறை கிடைக்கவில்லை" என்று மருத்துவமனையிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் தகுதியுள்ள அறைக்கு உரிய அளவில் போடச் சொல்லுங்கள். அட்மிஷன் அன்று கேட்டால் நடக்கும். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் கடினம்.

கேள்வி: டிடக்டிபிள், கோ-பே இரண்டும் ஒன்றா?

இல்லை. டிடக்டிபிள் என்பது நீங்கள் முதலில் ஏற்கும் நிலையான தொகை. அதைத் தாண்டிய பிறகுதான் நிறுவனம் பணம் தரத் தொடங்கும். கோ-பே என்பது பில்லில் உங்கள் பங்கு, பெரும்பாலும் சதவீதக் கணக்கில்.

பில் 1,000. அதில் பாலிசி ஏற்காத பொருள்கள் 60. டிடக்டிபிள் 200. கோ-பே 20 சதவீதம். ஏற்காததையும் டிடக்டிபிளையும் கழித்தால் 740. அதில் 20 சதவீதம் 148. உங்கள் பங்கு 60, 200, 148 சேர்த்து 408. இதே பாலிசியில் கோ-பே முதலில் கழிக்கப்பட்டால்? 940-இல் 20 சதவீதமான 188 போக 752. அதிலிருந்து டிடக்டிபிள் 200 போக நிறுவனம் தருவது 552, உங்கள் பங்கு 448. எண்கள் மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது, 40 கூடிவிட்டது. பாலிசியில் எந்த வரிசை என்று எழுதியிருக்கும். தேடிப் படியுங்கள்.

இதற்கு மேல் துணை வரம்பு என்று ஒன்று உண்டு. மொத்தக் காப்பீட்டுத் தொகை பெரிதாக இருந்தாலும் கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். "எனக்கு இவ்வளவு கவரேஜ் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு: உங்கள் பாலிசியில் உங்கள் கைக்காசுக்கு ஆண்டு உச்சவரம்பு என்று ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால் நிறுவனமே முழுதும் ஏற்கும். ஆனால் மாதப் பிரீமியமும், பாலிசி ஏற்காத சிகிச்சையும் அந்தக் கணக்கில் சேராது. நெட்வொர்க்குக்கு (இன்சூரன்ஸ் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள், மருத்துவர்கள்) வெளியே விரும்பிப் போய்ச் செய்துகொண்ட செலவும் பொதுவாகச் சேராது.

கேள்வி: மருத்துவமனையும் அறுவை மருத்துவரும் எங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுத்தவர் தனியாக பில் அனுப்பியிருக்கிறார். அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லையே?

உங்கள் கோபம் நியாயமானது. மயக்கவியல் மருத்துவர், பயாப்ஸி பார்ப்பவர், எக்ஸ்ரே படிப்பவர் ஆகியோர் பல நாடுகளில் மருத்துவமனையின் ஊழியர்கள் அல்லர். தனியாகத் தொழில் செய்பவர்கள். மருத்துவமனை பட்டியலில் இருப்பதால் அவர்களும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எதிர்பாராத பில் தடைச் சட்டம் இதற்காகவே வந்தது. நெட்வொர்க் மருத்துவமனையில், நெட்வொர்க்கில் இல்லாத மயக்கவியல் மருத்துவரோ உதவி அறுவை மருத்துவரோ பணிபுரிந்தால், நெட்வொர்க் விலையில் உங்களுக்கு வரும் பங்கைத்தான் கேட்க முடியும். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துக் கேட்பதற்கும் இவர்களுக்கு அனுமதி இல்லை. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் இந்தச் சட்டத்துக்குள் வராது.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஓர் அட்டவணை விலை வைத்திருக்கிறது. தனியார் நோயாளியாக மருத்துவமனையில் சேர்ந்தால் அதில் 75 சதவீதத்தை அரசுக் காப்பீடான மெடிகேர் தரும், 25 சதவீதத்தைத் தனியார் இன்சூரன்ஸ் தரும். ஆனால் மருத்துவர் அட்டவணை விலையைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்டவணை 100, அவர் கேட்பது 180 என்றால் மிச்சம் 80 உங்களுடையது. அதைத்தான் "கேப்" என்கிறார்கள். மருத்துவர் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கேப் திட்டத்தில் சேர்ந்து பில் போட்டால் நிறுவனம் கூடுதலாகத் தரும், கேப் குறையும், சில சமயம் இல்லாமலே போகும். கவனிக்க வேண்டியது ஒன்று: திட்டத்தில் இருக்கும் மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை. பல திட்டங்களில், அவர் அனுமதித்த கேப் வரம்பைத் தாண்டி பில் போட்டால் நிறுவனம் தன் கூடுதல் பங்கை நிறுத்திக்கொண்டு பழைய 25 சதவீதத்துக்கே இறங்கிவிடும். ஆகவே "திட்டத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்பது போதாது. "என் ஆபரேஷனுக்கு அந்தத் திட்டப்படி பில் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

மயக்கவியல் கட்டணம் ஏன் முன்கூட்டித் துல்லியமாகத் தெரிவதில்லை என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இரு நாடுகளிலும் அது அலகுக் கணக்கில் போகிறது. அறுவையின் கடினத்துக்கு அடிப்படை அலகுகள், எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அலகுகள், நோயாளியின் உடல்நிலைக்காகக் கூடுதல் அலகுகள். மூன்றையும் கூட்டி ஓர் அலகின் விலையால் பெருக்குவார்கள். ஒன்றரை மணி நேரம் என்று நினைத்தது இரண்டரை மணி நேரமானால் நேர அலகு ஏறும். அறுவை மருத்துவரின் அலுவலகத்தில் மயக்கவியல் மருத்துவர் யார் என்று கேட்டு, அவருடைய அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து, குறியீட்டு எண்ணையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் சொல்லி எஸ்டிமேட் வாங்குங்கள்.

கேள்வி: முன் அனுமதி கிடைத்த பிறகும் டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு பகுதியை மறுத்துவிட்டார்கள். அனுமதி கொடுத்துவிட்டு மறுக்கலாமா?

முன் அனுமதி என்பது "இந்தச் சிகிச்சை பாலிசிக்குள் வருவதாகத் தெரிகிறது, இப்போதைக்கு இவ்வளவு தருகிறோம்" என்ற அளவில்தான். கடைசி பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போன பிறகு மறுபடி பார்ப்பார்கள். செலவு ஏறினால் மருத்துவமனை இடையிலேயே கூடுதல் அனுமதி கேட்க வேண்டும். அதை மறந்துவிட்டு டிஸ்சார்ஜ் அன்று ஒட்டுமொத்தமாக அனுப்பினால் அங்கேதான் இழுபறி. சேர்ந்த இரண்டாம் நாளே இன்சூரன்ஸ் மேசைக்குப் போய், "அனுமதித்த தொகை எவ்வளவு, இன்று வரை பில் எவ்வளவு, கூடுதல் கேட்டுவிட்டீர்களா?" என்று விசாரியுங்கள்.

மறுப்புக்கு இன்னொரு காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தி. நோய் வரலாறு என்ற தலைப்பின் கீழ், "5 வருடமாகச் சர்க்கரை நோய்" என்று ஒரு வரி இருக்கும். அட்மிஷன் அன்று இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்டபோது, உடன் வந்த உறவினர் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கலாம். உண்மையில் 2 வருடம்தான். ஆனால் பாலிசி எடுத்து 3 வருடம் ஆகியிருந்தால், அந்த 5 என்ற எண் "பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்தார்" என்று படிக்கப்படும். சம்மரியைக் கையில் வாங்கியதும் பெயர், தேதி, நோயின் பெயர், எத்தனை நாளாக என்பதை வரிக்கு வரி படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே, பழைய மருத்துவச் சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். உண்மையை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். அது மோசடி, முழு கிளெய்மும் போகும்.

இந்தியாவில் 2024 முதல் இருக்கும் விதிகள்: கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகக் கட்டும் முறை) முன் அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு, டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. அதற்கு மேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் வாங்கினால் அதை இன்சூரன்ஸ் நிறுவனமே ஏற்க வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தாலொழிய, தகவல் மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது.

மறுத்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அவரிடம் போக வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

கேள்வி: கண்புரைக்கு "உயர்ந்த லென்ஸ்" வைத்தால் இன்சூரன்ஸ் தருமா?

பெரும்பாலும் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸின் விலை வரைதான். தூரம், கிட்டம் இரண்டுக்கும் பார்வை தரும் பல்குவிய லென்ஸுக்கு ஆகும் கூடுதல் விலை உங்களுடையது. சாதாரண லென்ஸ் வைத்தால் பார்வை மோசமாகாது, படிக்கக் கண்ணாடி தேவைப்படும், அவ்வளவுதான். பல்குவிய லென்ஸ் வைத்த சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். இரவில் வண்டி ஓட்டுபவர் பணத்தை யோசிப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் மாற்ற வேண்டும். ஒரே தடவையில் செய்தால் செலவு குறையுமா?

ஒரே அட்மிஷன் என்பதால் அறை, பரிசோதனை, மயக்கவியல் செலவில் மிச்சம் உண்டு. பல கட்டண முறைகளில் ஒரே நேரத்தில் செய்யும் இரண்டாவது அறுவைக்குப் பாதிக் கட்டணம்தான். இம்ப்ளான்ட் மட்டும் இரண்டு விலை. ஆனால் இதில் பணம் இரண்டாவது பேச்சு. வயது, இதயம், நுரையீரல் நிலையைப் பார்த்து மருத்துவர் தனித்தனியாகச் செய்யலாம் என்று சொன்னால் அதைக் கேளுங்கள். அப்படிச் செய்யும்போது தேதியை மட்டும் கணக்குப் போட்டு வையுங்கள். உங்களுடையது ஆண்டு டிடக்டிபிள் என்றால் இரண்டும் ஒரே பாலிசி ஆண்டுக்குள் வந்தால் ஒருமுறை கட்டினால் போதும். மாறாக, காப்பீட்டுத் தொகை சிறியதாக இருந்து முதல் காலிலேயே தீர்ந்துவிடும் என்றால், இரண்டாவதைப் பாலிசி புதுப்பித்த பிறகு வைத்துக்கொள்வது லாபம்.

கேள்வி: எங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை. சொந்தப் பணம்தான். எங்கே குறைக்க முடியும்?

பேரம் பேசுவதற்கான நேரம் அட்மிஷனுக்கு முன்னால். இரண்டு மூன்று மருத்துவமனைகளில் ஒரே குறியீட்டு எண், ஒரே வகை அறை, ஒரே ரக இம்ப்ளான்ட் என்று சொல்லி எஸ்டிமேட் வாங்கி ஒப்பிடுங்கள். அளவுகோல் வேறாக இருந்தால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பக்கூடிய அறுவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகிர்வு அறை எடுத்தால் வாடகையோடு மருத்துவர் கட்டணமும் குறையும் மருத்துவமனைகள் நிறைய. சமீபத்தில் எடுத்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் கொண்டுபோங்கள், மருத்துவர் ஏற்றுக்கொண்டால் மறுபடி எடுக்கத் தேவையில்லை. மருந்துகளை வெளியில் வாங்கலாமா, மிஞ்சியதைத் திருப்பித் தரலாமா என்றும் கேளுங்கள்.

இந்தியாவில் இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் இம்ப்ளான்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் அரசு உச்சவிலை வைத்தது. பில்லில் ஸ்டென்டின் நிறுவனப் பெயரும் பேட்ச் எண்ணும் தனியாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவர், குறைந்தது 3 வேலை நாளுக்கு முன் தேதி குறித்தால் எழுத்துப்பூர்வ மதிப்பீட்டைத் தர வேண்டியது மருத்துவமனையின் சட்டக் கடமை. பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் முறையிடலாம்.

அவசரமில்லாத அறுவை என்றால், அரசு மருத்துவமனையில் காத்திருப்பு எவ்வளவு நாள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். கடன் வாங்கித் தனியாரில் செய்ய வேண்டுமா என்பதற்கான பதில், பல நேரங்களில் அந்த நாட்கணக்கில்தான் இருக்கிறது.

கேள்வி: பில் கையில் வந்துவிட்டது. சரிபார்ப்பது எப்படி?

சுருக்க பில்லை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு பொருளும் தேதியோடு இருக்கும் விவரப் பட்டியலைக் கேளுங்கள். முதலில் நாட்களை எண்ணுங்கள். காலையில் டிஸ்சார்ஜ் ஆன நாளுக்கும் முழு வாடகை போட்டிருக்கிறதா, ஐசியூவில் இருந்த நாளில் சாதாரண அறைக்கும் வாடகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து தியேட்டர் நேரம். மயக்கவியல் பதிவேட்டில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கும், அதோடு ஒத்துப்பாருங்கள். மருத்துவர் வந்து பார்த்த எண்ணிக்கையை, உடன் இருந்தவரின் நினைவோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிடுங்கள். திருப்பித் தந்த மருந்துகள் கழிக்கப்பட்டனவா, பேக்கேஜுக்குள் இருக்க வேண்டிய கையுறையும் தையல் நூலும் தனியாகவும் வந்திருக்கின்றனவா என்பது கடைசியாக. உள்ளே வைத்த ஆணிகளுக்கும் தகடுகளுக்கும் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். பில்லில் 8 ஆணி இருந்து ஸ்டிக்கர் 6 இருந்தால் மிச்சம் 2 எங்கே என்று கேட்கலாம்.

சந்தேகம் உள்ள வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பில்லிங் மேலாளரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கவுன்டரில் நின்று சத்தம் போட்டால் வேலை நடக்காது, அங்கே இருப்பவருக்குத் திருத்தும் அதிகாரமும் இருக்காது. உடனே தீராவிட்டால், ஒத்துக்கொண்ட தொகையைக் கட்டுங்கள். மிச்சத்தையும் கட்டினால்தான் வெளியே விடுவார்கள் என்ற நிலை வந்தால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ரசீதின் இரு பிரதிகளிலும் எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்றைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.